துறந்த இடங்களும் மறந்த மக்களும்

1930-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் கூடிய முதலாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் சார்பில் அமர்ந்திருந்த இருவரும் தமிழ் மண்ணில் பிறந்தவர்கள். ஒருவர் சேலத்து கே. டி. பால். சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்; ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச் செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். மற்றவர் தஞ்சைத் தரணியின் ஏ. டி. பன்னீர்செல்வம். கத்தோலிக்கர், நீதிக்கட்சியின் தூண்களுள் ஒருவர். ஒரே ஆண்டவரை வழிபட்டு, ஒரே மொழியைப் பேசி வளர்ந்த இவ்விருவரும் அம்மேசையில் ஒரு வினாவிற்கு நேர்மாறான இரு விடைகளை வைத்தனர்.

வினா இதுதான். இந்தியாவில் அமையவிருக்கும் சட்டமன்றங்களுக்குக் கிறிஸ்தவர் தம் பிரதிநிதியைத் தமக்குள்ளேயே தனியாகத் தேர்ந்தெடுப்பதா? அன்றி, ஊரார் அனைவரோடும் சேர்ந்து ஒரே பெட்டியில் வாக்கிடுவதா?

பால் அவர்கள் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றார். திருச்சபை ஓர் அரசியல் வகுப்பாகச் சுருங்கிவிடலாகாது, கிறிஸ்தவன் தன் நாட்டாரோடு கலந்து வாழவேண்டியவன் என்பது அவர் கருத்தின் சாரம். பன்னீர்செல்வம் அவர்களோ தனித்தொகுதி வேண்டும் என்றார். அவரது வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு எனச் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம், பெரும்பான்மையோர் நிறைந்த பொதுத்தொகுதியில் தன் குரலுக்கு உரியவரை எப்படி அனுப்ப முடியும்? நாட்டுப்பற்று இல்லாதவர் எழுப்பிய வினாவன்று இது. 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது தமிழுக்காக எழுந்த கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர் அவர். சமயத்தின் வேர், மொழியின் வேர் ஆகிய இரண்டையும் காக்க நினைத்த மனிதர். 1940 மார்ச் 1 அன்று, இலண்டன் நோக்கிச் சென்ற அவரது விமானம் ஓமன் வளைகுடாப் பகுதியில் மறைந்துபோயிற்று. தமிழகம் அன்று அழுத அழுகையில் சமய வேறுபாடு இருக்கவில்லை. தனித்தொகுதி கேட்ட ஒருவர் எல்லோருக்கும் பொதுவானவராக மறைந்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

கே. டி. பால் 1931 ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் அவரது நிலைப்பாட்டை எஸ். கே. தத்தா தொடர்ந்தார். பன்னீர்செல்வமோ ஆகாகான், அம்பேத்கர் முதலியோருடன் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு பன்னீர்செல்வத்தின் பக்கம் சாய்ந்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தரப்பட்ட தனித்தொகுதியை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு இருந்ததும், அதன் பயனாகப் பூனா ஒப்பந்தம் பிறந்ததும் பள்ளிப் பாடங்களில் உள்ளவை. கிறிஸ்தவர்க்குத் தரப்பட்ட தனித்தொகுதிக்காக எவரும் பட்டினி கிடக்கவில்லை, அது நிலைத்தது. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்க்கு உரியவையாயின.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தனித்தொகுதி என்று இன்று நாம் சொல்வது, போட்டியிடுவோர் மட்டும் குறிப்பிட்ட பிரிவினராக இருக்க, ஊரார் அனைவரும் வாக்களிக்கும் தொகுதியை. அன்றையதோ வேறு. வேட்பாளரும் கிறிஸ்தவர், வாக்காளரும் கிறிஸ்தவர். வாக்காளர் பட்டியலே தனி. கிறிஸ்தவ வேட்பாளர் தம் இந்து, முகமதிய அயலாரின் வாசற்படி ஏற வேண்டியதில்லை. பொதுத்தொகுதி வேட்பாளர் கிறிஸ்தவத் தெருவுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஒரே கிணற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் தேர்தல் நாளில் வேறுவேறு நாட்டாரைப் போல ஆயினர். அந்தப் பட்டியலிலும் எல்லாக் கிறிஸ்தவர்க்கும் இடமில்லை. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டே வாக்குரிமை தரப்பட்டது. கூலிக்குக் களையெடுத்தவரும் தோல் பதனிட்டவரும் கிறிஸ்தவராய் இருந்தும் வாக்காளராய் இல்லை.

இந்த ஏற்பாட்டின் ஓரத்தில் இன்னொரு சிறு வரியும் எழுதப்பட்டது. 1936-இல் வெளியான பட்டியல் சாதியார் குறித்த அரசாணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று கூறிற்று. அன்றைக்கு அதில் ஒரு கணக்கு இருந்ததாகவே நான் கொள்கிறேன். கிறிஸ்தவருக்கெனத் தனி வாக்காளர் பட்டியல் இருக்கையில், அதே மனிதரைப் பூனா ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டுக் கணக்கிலும் சேர்ப்பது இரட்டை எண்ணிக்கையாகும். ஆகவே தனித்தொகுதியும் இந்த விலக்கும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருந்தன. இதை வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டுகிறேன்.

பத்தாண்டுகள் கடந்தன. 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. அதில் இருந்த கிறிஸ்தவர் சிலரை நம் இளைய தலைமுறை அறியாமலிருப்பது வருந்தத்தக்கது. மங்களூரில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா. தூத்துக்குடியின் ரோச் விக்டோரியா. பின்னர் திருவிதாங்கூரிலிருந்து வந்த ஆனி மஸ்கரீன். காசி மலைநாட்டின் குருவானவர் நிக்கல்ஸ் ராய். இளவரசி அம்ரித் கௌர். சபையின் துணைத்தலைவராக இருந்தவர் எச். சி. முகர்ஜி என்னும் வங்காளக் கிறிஸ்தவர். கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்து பின்னாளில் மேற்கு வங்க ஆளுநரானவர். சர்தார் பட்டேல் தலைமையேற்ற ஆலோசனைக் குழுவில், சிறுபான்மையினர் பற்றிய துணைக்குழுவின் தலைமையும் இவருக்கே தரப்பட்டது.

1947 ஆகஸ்டில் முதல் முடிவு எட்டப்பட்டது. தனி வாக்காளர் பட்டியல் இனி இல்லை. எல்லோரும் ஒரே பட்டியலில் வாக்களிப்பர். ஆனால் சிறுபான்மையினருக்குச் சில இடங்கள் ஒதுக்கப்படும். கிறிஸ்தவர்களுக்கு மத்திய சட்டமன்றத்திலும், சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் மக்கள்தொகைக்கேற்ப இடங்கள் குறிக்கப்பட்டன. இது பன்னீர்செல்வத்திற்கும் பாலுக்கும் இடைப்பட்ட வழி எனலாம்.

ஆனால் அந்த ஆகஸ்டு மாதம் எப்படிப்பட்டது! நாடு இரண்டாகப் பிளந்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் இரத்தம் ஓடியது. அடுத்த சனவரியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். சமயத்தின் பெயரால் மக்களைப் பிரித்து எண்ணும் எந்த ஏற்பாட்டையும் மனம் நடுங்கப் பார்க்கும் நிலைக்கு நாடு வந்துவிட்டது. 1949 மே மாதத்தில் ஆலோசனைக் குழு மீண்டும் கூடியபோது, பட்டியல் சாதியார் நீங்கலாக, சமயச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கப்பட்ட இடங்களையும் விட்டுவிடலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எச். சி. முகர்ஜி. அம்மாத இறுதியில் பட்டேல் அதனைச் சபையின் முன் வைத்தார். சென்னையின் முகமது இஸ்மாயில் சாகிபு போன்றோர் எதிர்த்து வாதிட்டனர். அவர்களுக்கும் அவர்களுடைய அச்சங்கள் இருந்தன. அருள்திரு ஜெரோம் டிசூசா தீர்மானத்தை வரவேற்றுப் பேசினார். கிறிஸ்தவர்கள் தங்கள் இடங்களைத் துறந்தார்கள். ஆங்கிலோ இந்தியருக்கு மட்டும் நியமன உறுப்பினர் என்ற சலுகை தங்கியது. அதுவும் 2020 சனவரியோடு முடிந்துபோயிற்று.

துறந்தவர்கள் வெறுங்கையோடு எழுந்து வந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கேட்டது வேறொன்று. நாற்காலியை அன்று, வேரை. தாங்கள் நம்புவதை வெளிப்படையாக அறிக்கையிடவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை வேண்டும் என்று 1945-லேயே கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூட்டாக வற்புறுத்தியிருந்தனர். 'பரப்புதல்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக 1948 டிசம்பரில் சபையில் பெரும் விவாதம் நடந்தது. அச்சொல் வேண்டாம் என்று லோகநாத் மிஸ்ரா போன்றோர் கடுமையாகப் பேசினர். வேண்டும் என்று வாதாடியவர்களில் பலர் கிறிஸ்தவர் அல்லர் என்பது நோக்கத்தக்கது. தமிழரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் பயின்றதையும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலாததையும் அங்கே எடுத்துரைத்தார். கே. எம். முன்ஷி, இச்சொல் சிறுபான்மையினரோடு செய்துகொண்ட இணக்கத்தில் விளைந்தது என்று நினைவூட்டினார். சொல் நிலைத்தது, இன்றைய 25-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் பொருள் மதம் மாற்றும் உரிமையன்று, தம் சமயக் கொள்கையை எடுத்துரைக்கும் உரிமையே என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது வேறு கதை.

அதோடு 29, 30 ஆகிய பிரிவுகள். தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பகுதியினரும் அதனைக் காத்துக்கொள்ளலாம். சமய, மொழிச் சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தலாம். நம் பண்பாடு எது என்று கேட்பார்க்கு ஒரு சொல். 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிற்று. நம் மூதாதையர் அயல்நாட்டு மொழியில் மட்டும் மன்றாடியவர் அல்லர். பாஸ்கா நாடகமும், திருவிழாத் தேரும், இழவு வீட்டில் அன்னை மரியாவை அழைத்து அழும் ஒப்பாரியும் எந்த ஐரோப்பியக் கப்பலிலும் வந்திறங்கியவை அல்ல.

ஆக, 1949-இன் ஏற்பாட்டை ஒரு வரியில் சொன்னால் இப்படிச் சொல்லலாம்: வாக்குச்சாவடியில் நாம் இந்தியர், கோவிலிலும் பள்ளியிலும் நம் வேர்களோடு நாம் நாமே. இது சரியான முடிவு என்பதே என் கருத்து. பெந்தக்கோஸ்து நாளில் கூடியிருந்தோர் ஒரே மொழிக்கு மாற்றப்படவில்லை. அவரவர் தம் தாய்மொழியிலேயே ஒரே செய்தியைக் கேட்டனர். ஒரே மொழியும் ஒரே கோபுரமும் கேட்டவர்கள் பாபேலில் இருந்தனர். ஒருமை என்பதற்குத் திருநூல் தரும் படம் இதுவென்றால், சபையில் அன்று அமர்ந்திருந்தோர் அறிந்தோ அறியாமலோ அதற்கு அருகில் வந்தார்கள்.

அவர்களுடைய நம்பிக்கையும் முற்றிலும் பொய்க்கவில்லை. முதல் பொதுத்தேர்தலில் ஆனி மஸ்கரீன் எக்கட்சியின் துணையுமின்றிச் சுயேச்சையாக நின்று திருவனந்தபுரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1957-இல் குளச்சல் பொதுத்தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறைக்கு அமைச்சரானார். கடற்கரைச் சமூகத்துக் கத்தோலிக்கப் பெண் ஒருவர், கிறிஸ்தவப் பட்டியலின் வாக்கால் அன்று, ஊராரின் வாக்கால் கோட்டைக்குப் போனார். எட்டு நாற்காலிகள் தனியே போடப்பட்டிருந்த காலத்தில் இப்படியொருவர் அங்கே போயிருப்பாரா என்பது ஐயமே.

இவ்வளவில் இக்கட்டுரையை நிறுத்தினால் மகிழ்ச்சியான வரலாறாக முடிந்துவிடும். ஆனால் மேலே நான் குறிப்பிட்ட கயிற்றின் மறுமுனை இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

குடியரசு பிறந்த அதே ஆண்டு, 1950 ஆகஸ்ட் 10 அன்று, பட்டியல் சாதியார் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியாயிற்று. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. பஞ்சாபின் சில சீக்கியப் பிரிவினர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. 1936-இன் பழைய வரி புது உடை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தது.

இதிலுள்ள முரணை எண்ணிப் பாருங்கள். 1949 மே மாதத்தில் நம்மவர் எதற்காகத் தம் இடங்களைத் துறந்தனர்? குடிமகனின் அரசியல் உரிமையைச் சமயத்தை வைத்து அளக்கலாகாது என்பதற்காக. பதினைந்தே மாதங்களில், ஒரு குடிமகனின் உரிமை அவன் சமயத்தை வைத்தே மறுக்கப்பட்டது. 1936-இல் விலக்குக்கு ஒரு காரணம் இருந்தது. கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி இருந்தது. 1950-இல் தனித்தொகுதி இல்லை, காரணமும் இல்லை, விலக்கு மட்டும் எஞ்சியது. நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தோம்; அதனோடு கட்டியிருந்த கயிறு தலித் கிறிஸ்தவரின் காலில் கிடந்தது.

சாதி என்பது இந்து சமயத்திற்கே உரியது, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை. ஆதலால் கிறிஸ்தவரான பின் ஒருவருக்குப் பட்டியல் சாதியாரின் சலுகை எதற்கு? இதுவே பெரும்பாலும் சொல்லப்படும் விடை. இதற்குப் பக்கத்தில் காசி மலையைச் சேர்ந்த நிக்கல்ஸ் ராயை நிறுத்திப் பாருங்கள். தம் மக்களின் நிலத்தையும் வழக்காறுகளையும் காக்கும் மாவட்டக் குழுக்களுக்காக அரசியல் நிர்ணய சபையில் உழைத்தவர் அவர். அவரும் அவருடைய மக்களில் பலரும் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவரானதால் அவர்கள் பழங்குடியினர் என்ற நிலையை இழக்கவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சமய நிபந்தனை கிடையாது; இன்றும் கிடையாது. மலைமேல் வாழும் கிறிஸ்தவரின் வேரை ஏற்றுக்கொண்ட சட்டம், சமவெளியின் சேரியில் வாழும் கிறிஸ்தவரின் வேரை, அதுவும் அவர் விரும்பிப் பெறாத, வலிக்கும் வேரை, இல்லை என்று சொல்லிவிட்டது.

பின்னர் வாசல் சிறிது சிறிதாகத் திறந்தது. 1956-இல் சீக்கியர் எல்லோருக்கும்; 1990-இல் பௌத்தருக்கும். கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. 1985-இல் சூசை என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். அத்தொழிலாளருக்கு அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்ட சிறுகடை அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையான இழிவுகள் தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்று நீதிமன்றம் கூறி வழக்கைத் தள்ளிற்று. பக்கத்தில் அமர்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்தவர் இந்துவாயின் அவருக்குக் கடை உண்டு. 2015-இல் அதே நீதிமன்றம், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மூதாதையரின் சமயத்திற்குத் திரும்பி, அச்சாதியாரும் ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதிச் சான்று பெறலாம் என்றது. அப்படியாயின் அச்சாதி திருமுழுக்குத் தண்ணீரில் கரைந்துபோகவில்லை, எங்கோ உறங்கிக் கிடந்தது என்று பொருளாகிறதே!

இழப்பு கல்வி, வேலை வாய்ப்போடு நிற்கவில்லை. ஒதுக்கப்பட்ட தொகுதியில் தலித் கிறிஸ்தவர் போட்டியிட முடியாது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. சேரி கொளுத்தப்படும்போது தீ எவருடைய சமயத்தையும் விசாரிப்பதில்லை. வழக்குப் பதிவு செய்யும் தாள் விசாரிக்கிறது. தமிழக அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது; நன்றியோடு ஏற்கிறோம்; ஆயினும் காயம் ஒன்று, கட்டுப்போட்ட இடம் ஒன்று. மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், இவர்களைப் பட்டியலில் சேர்க்க மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 10-ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து நம் பங்குகளில் கொடி கட்டுகிறோம்.

கறுப்புக் கொடி கட்டும்போதெல்லாம் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. 1949-இல் 'கிறிஸ்தவ சமூகம்' என்று ஒருமையில் பேசினார்களே, அந்த ஒருமைக்குள் யார் யார் இருந்தனர்? அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தவை மாகாணச் சட்டமன்றங்கள். அவற்றைத் தேர்ந்தவர்களோ சொத்தும் கல்வியும் உள்ளோர். கல்வியால் உயர்ந்த கிறிஸ்தவருக்கு ஒதுக்கீடு ஒரு கௌரவம், துறப்பது பெருந்தன்மை. சேரிக் கிறிஸ்தவருக்கு அது ஓர் ஊன்றுகோலாக இருந்திருக்கக் கூடும். அவரைக் கேட்டவர் இல்லை. அந்தப் பெருமக்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் தன்னலத்திற்காக எதையும் விற்கவில்லை. தங்கள் சமூகத்தைத் தங்கள் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். தெருவின் கடைசி வீடு அங்கிருந்து தெரியவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் இந்த இடத்தில் எனக்குத் துணை வருகிறது. எருசலேம் திருச்சபையில் எல்லோரும் ஒரே உள்ளமும் ஒரே உயிருமாய் இருந்தார்கள் என்று படித்த மை காய்வதற்குள் அங்கே முணுமுணுப்பு எழுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. 'நாமெல்லாரும் கிறிஸ்தவர்கள்; இதில் கிரேக்கர் என்ன, எபிரேயர் என்ன' என்று திருத்தூதர்கள் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் தரப்பிலிருந்தே பந்திக்குப் பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று விவிலிய அறிஞர்கள் இதனை விளக்குவர். வேற்றுமையைச் சுட்டிக்காட்டுவது ஒருமையைக் குலைப்பது என்று அன்றைய திருச்சபை எண்ணவில்லை.

நாம் எப்படி? நீதிமன்றம் கேட்ட சான்றுக்கு, அதாவது கிறிஸ்தவச் சூழலிலும் இழிவு தொடர்கிறது என்பதற்கு, தேடியலைய வேண்டிய தேவையே இல்லாதபடி நம்மூர்க் கல்லறைத் தோட்டங்கள் சில நடுவில் சுவரோடு நிற்கின்றன. சில ஊர்களில் தேர் எல்லாத் தெருவுக்கும் போவதில்லை. அரசிடம் 'எங்களிடமும் சாதி இருக்கிறது, சலுகை தாருங்கள்' என்போம்; பங்குப் பேரவையில் 'நம்மிடம் சாதி இல்லை, பேச்சை விடுங்கள்' என்போம். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டிற்கெனக் கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டபோது இந்த உள்வினையை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டது. அவ்வறிக்கை எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது என்று பொதுநிலையினரே தங்கள் பங்குக் குருவைக் கேட்கலாம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

30-ஆம் பிரிவின் கதையும் அப்படித்தான். கேரளக் கல்வி மசோதா பற்றிய 1958-ஆம் ஆண்டின் கருத்துரை தொடங்கி, 1974-இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரித் தீர்ப்பு வழியாக, நம் கல்விக்கூட உரிமையை நீதிமன்றங்களில் விழிப்போடு காத்து வந்திருக்கிறோம். காத்த பள்ளியின் வாசலில், அந்த உரிமை யாருக்காக எழுதப்பட்டதோ அந்தச் சமூகத்தின் கடைசிப் பிள்ளை கட்டணத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. 2007-இல் தமிழக அரசு கிறிஸ்தவர்க்கென 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு தந்ததும், அது பழைய ஏற்பாட்டைவிடக் குறைவான பயனையே தருகிறது என்று கண்டு அடுத்த ஆண்டே நம் தலைவர்கள் அதனை விட்டுக்கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்க் கிறிஸ்தவர் ஓர் ஒதுக்கீட்டைத் துறந்தது அது இரண்டாம் முறை. இம்முறை கணக்குப் பார்த்துத் துறந்தோம், முதன்முறை பார்க்கவில்லை.

பங்கு அலுவலகங்களில் திருமுழுக்குப் பதிவேடு என்றொரு தடித்த புத்தகம் உண்டு. பெற்றோர், ஞானப் பெற்றோர், நாள், இடம் எல்லாம் அதில் எழுதப்படும். பல ஊர்களில் அதே குழந்தைக்கு வேறொரு பெயர் பள்ளிச் சான்றிதழில் இருக்கும். புத்தகத்தில் அந்தோணி, சான்றிதழில் முருகன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கும் பிள்ளை திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலக வரிசையில் இந்துவாக நிற்கும். சான்று விசாரணைக்கு யாராவது வரும்போது, பதிவேட்டை எடுத்துக் காட்டிவிடாதீர்கள் சாமி என்று தாய்மார்கள் வந்து கேட்பதுண்டு. பன்னீர்செல்வம் காக்க நினைத்த வேரும், பால் கனவு கண்ட பொதுக் குடிமையும் அந்தத் தாயின் பிள்ளைக்கு ஒருசேரக் கிடைத்திருக்க வேண்டியவை. இன்று அவள் ஒன்றைத் திருச்சபையின் புத்தகத்திலும் மற்றதை அரசின் தாளிலுமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே மேசையில் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறாள்.